சில்லுக்கு அடியில் தேசிக்காய்

ஜெர்மனியில் ஆஹெனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அறுவடை முடிந்த வயலில் வருடா வருடம் ஒரு கார்ப் பந்தயம் நடக்கும். தட்டிக்கொட்டி எடுத்த பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். கடைசிவரை ஓடுகிறவன் வென்றவன். காப்புறுதிக்காரர்கள் கையை விரித்ததோடு அது நின்றுபோயிற்று. அதன் கதையை ஒரு படமாக்கித் தரும்படி, பந்தயக் கழகத்தார் பழைய வீடியோக்களை அள்ளிக்கொண்டுவந்து யதுசாவிடம் கொடுத்தார்கள். அவளுக்குப் படம் வெட்டி ஒட்டுவதுதான் வேலை. போதாததற்கு, அந்தப் பந்தயத்தில் ஓடிய ஒரே தமிழர் அவளுடைய தகப்பன் பாஸ்கரன்.

மனுசனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பிராங்பேர்ட்டிலிருந்து மச்சாள் புஷ்பமலரையும் படம் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, நான் எத்தினை இடத்தில வாறன்?"

"வருவீங்கள் அப்பா, பேசாம இருங்கோ."

வீடியோவில் வந்தார்தான். எப்படி வந்தார் என்கிறீர்கள்? காரைச் சுற்றிக் கற்பூரம் காட்டி, நான்கு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டுதான் புறப்படுவார். சுற்றி நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யதுசாவுக்குக் காது மடல் எரிந்தது. படம் பார்க்க வேலையிடத்து ஆட்களும் வருகிறார்கள். பிறகு எந்த முகத்தோடு அங்கே போவது? தேசிக்காய் தெரிந்த இடமெல்லாம், அடுத்து என்ன வருகிறது என்றுகூடப் பாராமல் வெட்டினாள். தேசிக்காய் போனதோடு தகப்பனும் போனார். ஓட்டத்தில் தலைக்கவசத்துக்குள் இருப்பது யாரென்று யாருக்குத் தெரியும்?

படம் காட்டிய அன்று, மண்டபத்தில் மேசைக்கு மேசை முழுத் தேசிக்காய்கள் கிடந்தன. இறைச்சிப் பொரியலுக்காக்கும் என்று நினைத்தாள். வெட்டி வைக்கக்கூட இவர்களுக்குப் பஞ்சியா என்று உள்ளுக்குள் நக்கல் வேறு.

படம் முடிந்தது. பாஸ்கரன் புதுக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். புஷ்பமலருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அத்தான், உங்களைக் காணேல்லையே?"

கழகத் தலைவர் யூர்கன் ஒரு தேசிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாஸ்கரன் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார். "முதல் வருடம் நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு என் கார் குப்புறக் கவிழ்ந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வருடம் நானே போய் அவரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். கடைசிப் பந்தயத்தில் அத்தனை காருக்கும் அவர்தான் வைத்துவிட்டார். அதில்லாமல் எங்கள் பந்தயம் ஏது?"

அத்தனையும் அவள் வெட்டி எறிந்த துண்டுகளில் இருந்தன. மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. யதுசாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

பாஸ்கரன் எழுந்தார்.

"அது என்னுடைய பிழை," என்றார் ஜெர்மனில். "நான் வரும் வீடியோ நாடாக்களைப் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய், தண்ணீர் பட்டுப் பழுதாக்கிவிட்டேன். பிள்ளை என்ன செய்வாள்?"

யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அப்பா..." என்றாள் யதுசா.

அவர் மேசையிலிருந்த தேசிக்காயை அவளுடைய சாப்பாட்டுத் தட்டின் பக்கம் தள்ளிவைத்தார்.

"அவங்கள் சிரிச்சது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ?" என்றார் மெதுவாக. "சாப்பிடு பிள்ளை. உன்ர ஆக்கள் பாக்கினம்."