மார்லோ கட்சி, ரெனான் கட்சி

அடப்பாவிகளா, இதற்கு இப்படியா பல்லைக் காட்டுவீர்கள்!

லா பாஸ் சந்தை வாசலில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததும் என் வாயில் வந்தது அதுதான். மார்லோவும் ரெனானும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் தலைமயிர் கறுப்பு, பல் வெளுப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'தலிசாய் மீண்டும் ஒன்றாக. புதிய ஆல்பம்' என்று போட்டிருந்தது. என் சூப்புக் கடைக்கு வாங்கிய பன்றி எலும்பு கையில் கனத்தது. பையோடு அந்தப் பல்வரிசை மேலேயே வீசிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. எலும்பு விற்கும் விலையை நினைத்துச் சும்மா இருந்தேன்.

தலிசாய் எங்கள் இலோய்லோவின் இசைக்குழு. இங்கே பிறந்து மணிலா வரைக்கும் போய் ஒரு கலக்குக் கலக்கிய நாலு பேர். மார்லோவுக்கு உச்சக் குரல். ரெனானுக்கு அடிக்குரல். கிடார்க்காரன் ஒருவன், டிரம் அடிக்கும் போயெத் ஒருவன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஹாரோ திருவிழா மேடையில், பாட்டுப் பாதியில் இருக்கும்போதே ரெனான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அடுத்த வாரமே எங்கள் ரசிகர் மன்றமும் இரண்டாக உடைந்தது. நான் மார்லோ கட்சி. நெலியா ரெனான் கட்சி.

நெலியாவும் நானும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. என் கல்யாணத்தில் என் தோளையும் நோனோய் தோளையும் சேர்த்து முக்காட்டுத் துணியை ஊசியால் குத்தியவள் அவள்தான். அவசரத்தில் என் தோளிலும் ஒரு குத்துக் குத்திவிட்டாள். படுபாவி, பாதிரியார் முன்னால் கத்தவும் முடியவில்லை. அப்படிப்பட்டவளோடு, எவனோ இரண்டு பேர் மேடையில் முறைத்துக்கொண்டதற்காகப் பேச்சை நிறுத்தினேன். அவளும்தான் நிறுத்தினாள்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் பாட்டு மெஷின் இல்லாமல் நடக்காது. அதில் தலிசாயின் ஜோடிப் பாட்டு வந்தால் நாங்கள் மார்லோ வரிகளை மட்டும்தான் பாடுவோம். ரெனான் வரி வந்ததும் மைக்கை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்போம். அவர்கள் கட்சியில் நேர்மாறு. வெளியூர் விருந்தாளிகள் மைக் கெட்டுப்போச்சு என்று எழுந்து வந்து தட்டிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது. நோனோய் எந்தக் கட்சியிலும் இல்லை. "ரெண்டு பேருமே மூக்காலதான் பாடறான்" என்பான்.

நான்கு வருஷத்துக்கு முன் அந்த நோனோய் போய்ச் சேர்ந்தான்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு எதிரியும் வருவான். ஒரு வாரம் பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தோம். பகலும் இரவும் ஆள் வந்தபடி இருந்தது. ஒரு பக்கம் ஜெபம், இன்னொரு பக்கம் சீட்டுக் கச்சேரி. எனக்கு எதிரே பட்சோய் நூடுல்ஸ் கடை போட்டு என் வியாபாரத்தில் மண் போட்டவள்கூட வந்து மூக்கைச் சிந்தி அழுதாள். நெலியா வரவில்லை. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். புதைத்துவிட்டுத் திரும்பும்போதுகூடத் தெருமுனையில் நிற்பாளோ என்று தேடினேன்.

அதோடு அது பாட்டுச் சண்டையாக இல்லாமல் போய்விட்டது. ஏன் வரவில்லை என்று அவளைக் கேட்க வேண்டும். அவள் வாயாலேயே பதில் வர வேண்டும். நாலு வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆனால் சந்தையில் அவளைக் கண்டால் என் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். என்ன செய்ய, முகத்துக்கும் பழக்கமாகிவிட்டது.

சுவரொட்டி ஒட்டிய மறுவாரம் தாதோ அண்ணன் கடைக்கு வந்தார். பழைய மன்றத் தலைவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கொடுக்கும்போதே அதில் என்ன இருக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போகிற ரகம்.

"மெல்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்துடு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக்கறோம். அதுக்கு முன்னாடி யாரும் காதுல போட்டுக்கக் கூடாது. ஃபோன்ல கூட."

"எந்தக் கட்சிக்குண்ணே?"

"ரெண்டுக்கும்தான்."

"அவ வர்றாளா?"

"எவ?"

"நடிக்காதீங்க. சூப்பு கொதிச்சுக்கிட்டிருக்கு, கரண்டியோட மேல ஊத்திடுவேன்."

"வர்றேன்னுதாம்மா சொன்னா. நீ வர்றியான்னு அவளும் கேட்டா."

"கேட்டாளா? எப்படிக் கேட்டா?"

"எப்படின்னா? வாயாலதான்" என்று சொல்லிவிட்டு அவர் சூப்பை உறிஞ்சினார். அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அந்த வாரம் முழுக்க மாதா படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். ஆல்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றா, நாசமாய்ப் போகட்டும் என்றா? எனக்கே தெரியவில்லை. நன்றாக இருந்தால், இத்தனை வருஷம் இதைச் செய்ய என்னடா கேடு என்று வயிறு எரியும். மோசமாக இருந்தால், இதற்கா காத்துக் கிடந்தோம் என்று எரியும். எப்படிப் பார்த்தாலும் எரியப் போவது என் வயிறுதான்.

ஞாயிற்றுக்கிழமை தாதோ அண்ணன் கூடத்தில் யாரும் சொல்லாமலே இரண்டு கட்சியும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தது. நடுவில் மேஜை, மேஜை மேல் பன்சித் நூடுல்ஸ் தட்டு, ஸ்பீக்கர். நெலியா எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் இருந்தாள். மோலோவில் அழகு நிலையம் வைத்திருப்பவள். தன் தலைக்கு மட்டும் சாயம் பூசாமல் நரைக்க விட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் கோபமாக வந்தது. நான் வந்ததைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

தாதோ அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு ஆல்பத்தை ஓடவிட்டார்.

முதல் பாட்டில் மார்லோ வந்தான். ஐயோ, என் மார்லோ! மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் பாதி மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினான். எதிர்க்கட்சியில் பிதியோங் என்ற குண்டன் குலுங்கினான். "உங்காளுக்கு ஒரு ஏணி எடுத்துட்டு வரட்டுமா?"

நாங்கள் விட்டோமா? இரண்டாவது பாட்டில் ரெனான் அடிக்குரலுக்கு இறங்கியபோது காற்றுதான் வந்தது. "கெணத்துல விழுந்துட்டான்போல, கயிறு போடுங்கடா!" என்று நான் கத்தினேன். எங்கள் வரிசை கைதட்டியது.

மூன்றாவது பாட்டில் கிண்டல் ஓய்ந்துவிட்டது. ஏதோ இயந்திரத் தாளம் டங்டங்கென்று அடித்தது. இரண்டு பேரும் மாறி மாறி நன்றி சொன்னார்கள், கடவுளுக்கு, ரசிகர்களுக்கு, காலத்துக்கு. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று எட்கர் மெதுவாகச் சொன்னான். வங்கியில் வேலை செய்பவன், யாரையும் எதிர்த்துப் பேசாதவன். இரண்டு கட்சியும் சேர்ந்து அவனை முறைத்தது. பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

நான் கேட்க வந்தது இவர்களை இல்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்து நெலியாவும் நானும் கேட்டோமே, அந்த இரண்டு பேரைத்தான் கேட்க வந்தேன். இந்தக் கிழவன்கள் அவர்களைக் கொண்டுவரவில்லை. எங்களையும் கொண்டுவரவில்லை.

நாலாவது பாட்டுக்கு மேளம் இல்லை, கொட்டு இல்லை. ஒரு கிடார் மட்டும். குயிமராஸ் தீவுக்குப் போகும் படகைத் தவறவிட்டுத் துறையில் நிற்கிறவனின் பாட்டு. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. உடைந்ததை மறைக்கவும் இல்லை. அக்கரையில் விளக்கு ஏற்றிவிட்டார்களே என்று ஒரு வரி வந்தது. என் கண் நிறைந்துவிட்டது. மார்லோ இருமினாலே அடையாளம் சொல்லுகிறவள் நான். எழுந்து நின்று கத்தினேன்:

"இதுதான்! இதுதான் என் மார்லோ!"

அதே நேரத்தில் ஜன்னல் பக்கமிருந்து ஒரு கத்தல் வந்தது: "அப்படிப் போடு, என் ரெனான்!"

நெலியாவும் எழுந்து நின்றிருந்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"யாருடி ரெனான்? காது அடைச்சுப் போச்சா உனக்கு?" என்றேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"உனக்குத்தான்டி அடைச்சிருக்கு. அந்த 'அக்கரை'ய இழுத்தான் பாரு, ரெனான் தவிர எவன் இழுப்பான்?"

"மார்லோ இழுப்பான்!"

"உங்க மார்லோ முதல் பாட்டுலயே படுத்துட்டான். திரும்ப எந்திரிச்சு வந்தானாக்கும்?"

கூடமே எழுந்துவிட்டது. மார்லோ, ரெனான், மார்லோ, ரெனான். பிதியோங் நாற்காலி மேல் ஏறினான். தாதோ அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். யாரும் அடங்கவில்லை.

சமையலறை வாசல் பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "அது எங்க போயெத்துங்க."

எல்லோரும் திரும்பினோம். டிரம் போயெத்தின் அக்கா லோர்னா. ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் வருவாள், மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். டிரம்காரனுக்கு ஏது கட்சி? அவளை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

"எங்க தம்பிதாங்க பாடறான்" என்றாள். அவள் முகமெல்லாம் கண்ணீர். "சின்ன வயசுல இருந்தே பாடுவான். இவங்க ரெண்டு பேரும் விட்டாத்தானே."

பிறகு பிதியோங் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினான். அதைப் பார்த்து நெலியாவுக்குச் சிரிப்பு வெடித்தது. எனக்கும் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கூடம் முழுக்கச் சிரித்தது. யாரோ லோர்னாவைக் கட்டிக்கொண்டார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது நெலியா என் பக்கத்தில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

இருவரும் புழக்கடைக்குப் போனோம். கழுவுகிற சாக்கில் ஆளுக்கொரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"கடை எப்படிப் போகுது?" என்றாள்.

"போகுது. உன் கடை?"

"அதுவும் போகுது."

அவ்வளவுதான். ஒரு காலத்தில் ராத்திரி முழுக்கப் பேசியும் தீராமல், மிச்சத்தைக் காலையில் பேசிய ஆட்கள் நாங்கள். தண்ணீர் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நோனோய் போனப்ப ஏண்டி வரல?"

அவள் குழாயை மூடினாள். "வந்தேனே."

"பொய் சொல்லாத. ஒரு வாரம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"ரெண்டாம் நாள், விடியக்காலைல வந்தேன். நீ பெட்டிக்குப் பக்கத்துல நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்த. வாயத் தொறந்துக்கிட்டு. சீட்டு மேஜையில தாதோ அண்ணன் மட்டும்தான் முழிச்சிருந்தார். இப்பதாம்மா கண்ண மூடினா, எழுப்பாதேன்னார். நோனோய்கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் உன் பக்கத்துல உக்காந்தேன். வெளிச்சம் வந்ததும் கெளம்பிட்டேன்."

என் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நான்தான் சொல்லாதீங்கன்னேன்." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "அவர் வாய் என்னைக்குடி சும்மா இருந்திருக்கு? மத்தியானத்துக்குள்ள உன்கிட்ட சொல்லிடுவார்னு இருந்தேன். அப்புறம் சந்தையில நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. சரி, நான் வந்தது தெரிஞ்சும் இவ வேணாங்கறான்னு நெனச்சுக்கிட்டேன்."

தாதோ அண்ணன் தன் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான். மடையன், மடையன். தங்கமான மனுஷன்.

"எழுப்பியிருக்கக் கூடாதாடி?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுப்பி என்ன சொல்றது? ரெனான்தான் ஒசத்தின்னா?"

அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதேன், நோனோய்க்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன். அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அவளும் அழுதாள் என்று அந்த முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

அழுது முடித்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடுமா? மூக்கைத் துடைத்தோம். தட்டுகளை அடுக்கினோம். கடையைத் திறக்கணும் என்றாள், ஞாயிறு சாயங்காலம்தான் கூட்டம் வருமாம். பையை எடுத்துக்கொண்டாள். நானும் பின்னாலேயே போனேன். வாசல் தாண்டியும் போனேன், தெருமுனை வரைக்கும் போனேன்.

"எதுக்குடி கூடவே வர்ற?"

"சும்மா நட."

வீட்டுக்குள் தாதோ அண்ணன் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து மறுபடியும் போட்டிருந்தார். மார்லோ பாதி மாடிப்படியில் மூச்சு வாங்குவது தெரு வரைக்கும் கேட்டது.

"நல்லால்ல, இல்ல?" என்றாள் நெலியா.

"கேவலமா இருக்கு."

மோலோ போகும் ஜீப்னி வந்து எங்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் பையன், "ஏறுறதுன்னா ஏறுங்கக்கா!" என்று கத்தினான். நெலியா படியில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போகாதடி" என்றேன்.

அவள் காலை எடுத்துக்கொண்டாள். ஜீப்னி போய்விட்டது.