மீரா பீவி கொடுத்த மாத்திரை

கணவர் ருக்னுதீனுக்கு மறதி நோய் முற்றியதிலிருந்து மீரா பீவிக்குத் தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. தம்போய் டவுனில் அவர் நடத்திய சாப்பாட்டுக் கடை கைமாறி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும், "கடை திறக்கணும்" என்று கட்டிய கைலியோடு பெரிய ரோட்டில் போய் நின்றார். லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததால் உயிர் தப்பியது. கையைப் பிடித்து இழுத்தால் அடித்தார்.

கிளினிக்கில் ராத்திரிக்கு அரைத் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வீடு அடங்கியது. பிறகு அரை போதவில்லை. யாரையும் கேட்காமல் மீரா பீவி அதை முழுசாக்கினாள். மத்தியானத்துக்கும் ஒன்று சேர்த்தாள். மகள் நஜ்வா பேக்டரிக்குப் போய்விட்டால், அவரோடு மல்லுக்கட்ட இவள் ஒருத்திதானே?

விழித்திருந்தால் தட்டைத் தட்டிவிடுவார். மயக்கத்தில் ஊட்டினால் கஞ்சி இறங்கிவிடும். சில நேரம் தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். முதுகைத் தடவிப் படுக்க வைத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நுரையீரல்ல கிருமி" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரேமலா. "என்ன மருந்தும்மா சாப்பிடுறாரு?"

"தூங்க அரை மாத்திரைதான்." நஜ்வா பக்கத்தில் நின்றதால் வாயில் அதுதான் வந்தது.

ஆக்சிஜன் வைத்தும் மூச்சு சீராகவில்லை. மார்பு கொல்லன் துருத்தியாய் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. செருப்பை விட்டுவிட்டு வராந்தாவில் டாக்டரின் பின்னால் ஓடினாள்.

"டாக்டர், அரை இல்லீங்க. ரெண்டு கொடுத்தேன். தூங்கிட்டிருக்கும்போதே ஊட்டினேன். நான்தான் அவரக் கொல்றேனா?"

"அம்மா! ஏன்மா எங்கிட்ட சொல்லல?" பின்னாலேயே வந்த நஜ்வா அலறினாள்.

"சொன்னா என்ன செய்வே? வேலைய விட்டுட்டு வருவியா?"

டாக்டர் மீரா பீவியை நாற்காலியில் உட்காரவைத்தார். "அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த மயக்கத்துல சரியா விழுங்க வராது, இருமவும் வராது. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிடும். இப்பவாச்சும் சொன்னீங்களே. மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக் கூடாது, நாங்க கொஞ்சங்கொஞ்சமா குறைக்கிறோம்."

"குறைச்சா பழையபடி ரோட்டுக்கு ஓடுவாரே! நான் என்னதான் செய்யட்டும், சொல்லுங்க!"

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருத்தி எழுதிக்கொண்டே வார்டுக்கு விரைந்தார்.

ருக்னுதீன் பிழைத்தார். காய்ச்சல் விட்டதும் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தார், நர்ஸைத் திட்டினார். வார்டே திரும்பிப் பார்த்தது. நஜ்வா சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தகப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த லீவும் ஒரு நாள் முடிந்துவிடும்.

டாக்டர் சொன்னபடி கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி, மீரா பீவி கெட்டியான கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டினாள். அவர் அவள் முகத்திலேயே துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை அவள் கண் இமைக்கவில்லை.

"முழுங்குங்க" என்றாள். "அல்லாவுக்காக, முழுங்குங்க."