கையா, காரா?

வளைவில் கார் அலைபாய்வதற்குக் காரணம் அம்மாவின் கைதான் என்று மகன் தீர்ப்பே எழுதிவிட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டி அவனை ஆளாக்கியவளிடம், தட்டிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.

"உனக்கு வயசாயிடுச்சும்மா. வளைவுல வண்டி உன் சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது. இனிமே ஓட்ட வேணாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. போடா என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கார் அலைந்தது உண்மை. திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஒருவேளை கைதானோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். சொட்டு சிந்தவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

அவளுடைய வேனை வருஷக்கணக்காகப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் போனாள். ஆள் வாயாடி, ஆனால் வேலையில் கெட்டி. அவர் காரை ஜாக்கியில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பினார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் விரலளவு நகர்ந்தது. அதிலிருந்த ரப்பர் புஷ்கள் தூள் தூளாக உதிர்ந்தன. ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் வழிந்திருந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எல்லாவற்றையும் புதிதாக மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கினார். அவள் ஆசையாக ஓட்டிப் பார்த்தாள். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பள்ளத்துக்கெல்லாம் குதித்து, ஒரு பக்கமாக இழுத்தது. முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தாள். கைதான் போலிருக்கு, விடு தம்பி என்றாள்.

மெக்கானிக் விடுகிற ஜாதி இல்லை. குனிந்து முன்சக்கரங்களையே பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. சக்கரம் தொங்கிட்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டேன். எடை இறங்கினதும் புது ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது. வண்டியைத் தரையில நிறுத்தித்தான் முறுக்கணும்."

காரைப் பட்டறைக் குழிமேல் சக்கரம் தரையில் படும்படி நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தினார். முன்பக்கம் மெல்ல அமர்ந்தது. இந்த உடம்பின் எடை இதற்காவது உதவட்டும் என்று அவளும் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக் குழிக்குள் நின்று ஒவ்வொன்றாக இறுக்கினார்.

அன்று சாயங்காலம் காரோடு மகனின் அலுவலக வாசலில் போய் நின்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, கதவுக்கு மேலிருந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் பாலத்து வளைவு வந்தது. அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். கார் கூடவே திரும்பியது. யோசனை இல்லை, ஆட்டம் இல்லை. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தாயா?

திரும்பிப் பார்த்தால், அவன் பிடியை எப்போதோ விட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். வளைவு போனதே அவனுக்குத் தெரியவில்லை. இவள் ஓட்டி அவன் இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று!

சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரவுண்டானாவில் வீட்டுக்குப் போகும் தெருவை விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றினாள்.