இன்னும் ஒரு படி

வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் அவனை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நல்ல உயரம். ஆனால் பெயர் உயரத்தால் வந்ததல்ல, கழுத்தால் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படியில் இரும்பு பீரோவோடு மல்லாந்து விழுந்த நாளிலிருந்து அது முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வலது பக்கம் திரும்பாது. குனிந்து செருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து மொத்தமாகக் குனிய வேண்டும். முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. அந்தக் கட்டைவிரல் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுப்பதில்லை.

டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லா சேர்ந்திருக்கே" என்றார். அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. நடிக்கிறான் என்றார்கள். கனமான சாமான் வந்தால் மட்டும் ஐயாவுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றார்கள். அதனாலேயே அவன் சட்டைக்குள் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாமான் தூக்கினான். வலிக்கிறது என்று சொன்னால் வேலை போகும், வலிக்கவில்லை என்றால் உயிர் போகும். நல்ல பிழைப்பு!

தன் கழுத்தை இந்தக் கதிக்கு ஆக்கியது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கட்டையன்தான். அவனுடைய ஜோடி.

பீரோவை மாடியிலிருந்து இறக்குவதென்றால் இரண்டு பேர். ஒருவன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குவான். அவன் முகம் பீரோவில் ஒட்டியிருக்கும், முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. மேலே பிடித்து வருகிறவன்தான் அவனுக்குக் கண். "படி... படி... இன்னும் ஒண்ணு... தரை" என்று சொல்லிக்கொண்டே வருவான். சொன்ன இடத்தில் காலை வைக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. கீழே எப்போதும் ஒட்டகம், மேலே எப்போதும் கட்டையன்.

அன்றைக்குக் கட்டையன் "தரை" என்றான். ஒட்டகம் தரை என்று நம்பிக் காலை வைத்தான். அங்கே இன்னும் ஒரு படி இருந்தது.

கேட்டால் கட்டையன், "இன்னும் ஒண்ணுன்னுதான் சொன்னேன், உனக்குக் காதுல விழல" என்பான். நாலு வருஷமாக அதையேதான் சொல்கிறான். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டான். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவனை எப்படி நம்புவது?

இது மட்டுமா? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் பார்க்க வந்தான். "வாங்க தம்பி" என்று மனைவி நாற்காலி போட்டாள். ஒட்டகத்தின் கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கிற, வாயில் துணி கட்டிய வெந்நீர்ப் பையை எடுத்து வந்தாள். அதைக் கண்டதும் கட்டையன் முகம் செத்துப்போயிற்று. போட்ட டீயைக்கூடத் தொடாமல், "வேலை இருக்கு அண்ணி" என்று எழுந்து போய்விட்டான். "ஏங்க, அவரு ஏன் இப்படி ஓடுறாரு?" என்றாள் மனைவி. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டான் ஒட்டகம்.

அப்புறம் அந்தப் பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டையன் கடைசியாகத்தான் மாடி ஏறி வருவான். எல்லாம் இறக்கி வண்டியில் ஏற்றி முடித்ததும், "நீ போ, வரேன்" என்று மறுபடி உள்ளே போவான். உள்ளே என்ன வைத்திருக்கிறது? வீட்டுக்காரரிடம் தனியாக ஏதாவது வாங்குகிறானா, இல்லை தன்னைப் பற்றி வத்தி வைக்கிறானா? ஒட்டகத்தின் மண்டையை இது குடைந்துகொண்டே இருந்தது.

இன்று காலை சந்தேகம் முற்றிவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் முதலாளியும் கட்டையனும் குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டகம் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இன்னிக்கு பீரோ இறக்கும்போது கட்டையன் கீழ போகட்டும். நீ மேல பிடிச்சுக்க."

"எதுக்கு?"

"அவன்தான் கேட்டான்."

கீழே போகிறவன்மேல்தான் பாரம் முழுக்கச் சரியும். குள்ளமான ஆள் என்றால் இன்னும் மோசம். எந்த மடையனாவது அதை வலியக் கேட்டு வாங்குவானா? ஒட்டகத்துக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. கீழாள் வேலையையும் தானே செய்துவிடுவேன், இந்தக் கோணல் கழுத்துக்காரன் எதற்கு என்று முதலாளிக்குக் காட்டப் பார்க்கிறான். கழுத்தை ஒருமுறை அறுத்தது போதாதா!

பீரோவுக்குப் போர்வை சுற்றி, தூக்குகிற பட்டையை மாட்டினார்கள். கட்டையன் வழக்கம்போல் கடைசியாக மூச்சு வாங்க மேலே வந்து, கீழ்ப்பக்கம் பிடித்தான்.

"சொல்லிக்கிட்டே வா" என்றான்.

"தெரியும்."

இறங்கினார்கள். "படி... படி..." பாரம் கட்டையன் பக்கம் சரிந்தது. அவன் மூச்சு இரைவது மேலே கேட்டது. அப்போது ஒட்டகத்துக்கு ஒரு நினைப்பு வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இவன் முதுகு இப்போது என் வாயில் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும். கழுத்துவலி என்றால் என்னவென்று இவனும் தெரிந்துகொள்வான். காதில் விழவில்லை என்று நானும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நினைப்பு இனித்தது. இனித்ததும் பயமாகவும் இருந்தது.

திருப்பம் தாண்டிக் கடைசிப் படிவரிசை வந்தது. ஒட்டகம் பீரோவுக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்க்க முயன்றான். கழுத்து மறுத்துவிட்டது. பக்கவாட்டில் பார்க்கத் திரும்பினான். தோள்பட்டையிலிருந்து மண்டைவரை சுளீரென்று இழுத்தது. கண்ணுக்கு நேராகப் போர்வை மட்டும்தான். கீழே எத்தனை படி பாக்கி, தரை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமென்று பொய் சொல்வது கிடக்கட்டும், உண்மையைச் சொல்லக்கூட அவனிடம் ஒன்றும் இல்லை.

"நில்லு, நில்லு!" என்று கத்தினான்.

"என்னடா?"

"எனக்குக் கீழ தெரியலடா."

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, பாதி முனகல்.

"உன் உசரத்துக்கே தெரியலன்னா எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமா? நான் என்னிக்குடா கீழ பார்த்தேன்? கைப்பிடிக் கம்பியப் பாரு. துணி கட்டியிருக்கேன். கடைசியா ஏறும்போது பீரோ நீளத்துக்கு அளந்து கட்டுவேன். அது உன் இடுப்புக்கு வந்தா எனக்கு இன்னும் ஒரு படி பாக்கி. சீக்கிரம் பாருடா, கை போகுது."

இடது பக்கம் கொஞ்சம் திரும்பும். பார்த்தான். கம்பியில், சாமான் சுற்றுகிற பழைய போர்வையிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் துணி, நீலக் கட்டம் போட்டது, முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

இதே நீலக் கட்டத் துண்டு ஒட்டகத்தின் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

அது வந்த கதையும் அவனுக்குத் தெரியும். விழுந்த அன்றைக்குப் பட்டையை வண்டியில் மறந்துவிட்டு, எடுத்து வர அவன் மட்டும் திரும்பப் போனான். மறுபடி ஏறும்போது கம்பியில் அந்தத் துணி கையில் தடுத்தது. எவன்டா இங்கே குப்பையைக் கட்டி வைத்தது என்று அவிழ்த்து, கழுத்து வியர்வையைத் துடைத்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களோடு சேர்த்து அதையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெந்நீர்ப் பையின் வாய் ஒழுகாமலிருக்க மனைவி அதைத்தான் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டையன் டீயைத் தொடாமல் எழுந்து போனது அதைப் பார்த்துத்தான்.

நாலு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்தத் துணியைக் கழுத்தடியில் வைத்துக்கொண்டுதான் இவன் கட்டையனைத் திட்டியிருக்கிறான்.

"டேய், செத்துட்டியா மேல?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன். படி... படி..." துணி மெல்ல மேலேறி அவன் இடுப்பைத் தொட்டது. "இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு இருக்குடா, பார்த்து வை."

கட்டையன் கால் வைத்தான்.

"தரை" என்றான் ஒட்டகம்.

பீரோ வண்டியில் ஏறியது. முதலாளி முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். கட்டையன் திரும்பிப் படிப்பக்கம் நடக்கப் போனான்.

"நீ போ, வரேன்" என்றான் ஒட்டகம்.

போய்த் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தான். கட்டையன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். ஒட்டகம் பக்கத்தில் உட்கார்ந்து துணியை அவன் மடியில் வைத்தான்.

"அன்னிக்கே ஏன்டா சொல்லல? துணிய அவுத்தது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அடிபட்டுக் கிடக்கிறவன்கிட்ட அதையா சொல்லுவாங்க?" கட்டையன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "துணி காணோம்னதும் நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா, குள்ளனுக்குக் கீழ தெரியலன்னு முதலாளிக்குத் தெரிஞ்சுடும். வேலை போயிடும். குத்துமதிப்பா அடிச்சு விட்டேன். இனி உன் கழுத்துல பாரம் வேண்டாம்னுதான் இன்னிக்குக் கீழ கேட்டு வாங்கினேன்."

பிறகு நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒட்டகத்தின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"தரைன்னுதான்டா சொன்னேன். உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

வண்டி கிளம்பிக் குலுங்கியது. ஒட்டகத்தின் கழுத்தில் சுளீரென்றது, வழக்கமான இடத்தில். முகத்தில் காட்டாமல் இருக்க அவன் இந்தமுறை முயற்சி செய்யவில்லை. "ஆ" என்று வாய்விட்டுச் சொன்னான். கட்டையன் துணியைச் சுருட்டி, போர்வைக்குள் வைத்து, அவன் கழுத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தான்.