தனராஜ் இன்னும் தரைக்கு வரவில்லை

யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரிப்புகையில் ஓடிய ஒரு சித்திரை மாதத்தில், டிரைவர் தனராஜ் லாரி மேலிருந்து விழத் தொடங்கினான்; சுதந்திரம் வந்த பிறகும் அவன் தரையைத் தொடவில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்குத் தூத்துக்குடிக் கடற்காற்று பட்டால் வியர்த்துவிடும். ஆள் கூலியை மிச்சம் பிடித்த முதலாளி, கயிறு அவிழ்க்கிற வேலையையும் டிரைவர் தலையிலேயே கட்டியிருந்தார். கிடங்கில் கருப்பட்டிப் பாரத்தின் மேல் ஏறியவன் கசிந்த பாகில் வழுக்கி மல்லாக்கச் சரிந்தான். சரிந்தவன், பனை வளர்கிற வேகத்தில் இறங்க ஆரம்பித்தான். லாரியை நகர்த்திப் பார்த்தார்கள், அவன் நகரவில்லை. பத்துப் பேர் சேர்ந்து இழுத்ததில் சட்டைதான் கிழிந்தது.

நேர் கீழே கிடங்கின் கருங்கல் தளம். நாசரேத்திலிருந்து ஓடிவந்த அவன் மனைவி தேவகனி அண்ணாந்து பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது. கீழே கல் இருப்பது அவனுக்கும் தெரியும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விழாதவனுக்கு எங்கே கட்டுப் போடுவது என்றார் டாக்டர். முதலாளி அன்பாகத்தான் பேசினார்: "விழுந்த பொறவு வா தாயி, பாத்துக்கிடுவோம்."

வைக்கோல் பரப்பினாள், வண்டிமாடுகள் தின்றுவிட்டன. பிறகு கடப்பாரை வாங்கி, கல்லைப் பெயர்த்து, அவன் இறங்க இறங்கத் தோண்டினாள். சுதந்திரத்தன்று யாரோ ஏணி போட்டு ஏறி அவன் கிழிந்த சட்டையில் காகிதக் கொடி குத்தினார்கள். மறுவருஷம், மார்பளவு ஆழத்தில் கடல்தண்ணீர் ஊறி நின்றது. கல்லுக்குத் தண்ணீர் தேவலை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தேவகனி குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். செம்மணல் மட்டுமே உள்ள தேரிக்காட்டில் பிறந்த தனராஜுக்கு நீச்சல் தெரியாது.

சங்கு குளிப்பவரின் மனைவி அமலோற்பவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு கடலுக்குள்ள முங்குனா, மேல இருந்து எங்கண்ணன்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலிய நெனச்சு கைய விடமாட்டாம்லா? ஒனக்கு அண்ணன் தம்பி இல்ல. நீதாம்ளா பிடிக்கணும்."

அன்று தேவகனி குழிக்குள் இறங்கினாள். கிடங்கு திறந்திருக்கும் நேரமெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று, அவன் முதுகுக்கு நேராகக் கைகளை ஏந்தியிருக்கிறாள். இன்னும் ஒரு முழம் இருக்கிறது. அவன் பாரம் மொத்தமும் ஒரே நொடியில் வருமா, இப்படியே மெல்ல வருமா என்று யாருக்கும் தெரியாது. மூட்டை தூக்குகிறவர்கள் குழியைச் சுற்றி நடந்து பழகிவிட்டார்கள். கயிறு அவிழ்க்க முதலாளி இன்னும் ஆள் போடவில்லை. புது டிரைவர் இன்பமணி கருப்பட்டிப் பாரத்தின் மேல் ஏறுமுன் தினமும் குழியை எட்டிப் பார்த்துச் சொல்கிறான்: "யக்கா, இங்கனயும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க."

அவள் சரியென்று தலையாட்டுகிறாள்.