ஏட்டய்யா: இரண்டாம் பாகம்

ஊமைப் படத்துக்கு நான்தான் வாய். ஆம்பூர்க் கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கதை சொல்வது என் பிழைப்பு. வெள்ளைக்காரன் குதிரைப் படத்தில் நெஞ்சில் நட்சத்திரம் குத்திய கிழவன் ஒருவன் வருவான். ஷெரீப் என்றால் நம் சனத்துக்கு என்ன புரியும்? ஏட்டய்யா என்று பேர் வைத்துவிட்டேன். முதல் பாகம் ஓடியதிலிருந்து, எங்கள் ஊர் ஏட்டு அருணகிரி தெருவில் போனால் சனங்கள் அவரைத்தான் படத்தில் வரும் அந்தக் கிழவன் என்பார்கள்.

இரண்டாம் பாகம் வந்த நேரம், அருணகிரிக்குச் சனி பிடித்தது. தோல் மண்டி சாமிநாதனின் மருமகன், எதிர்த்துப் பேசிய தொழிலாளியைத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் தள்ளிவிட்டான். அந்த ஆளுக்குக் கண் போயிற்று. அருணகிரி கண்ணால் பார்த்த சாட்சி. அன்றைக்கே மருமகன் கையில் விலங்கு போட்டார். கோர்ட்டில் 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று சொல், இல்லையென்றால் வேலை போய்விடும் என்று மேலிடம் மிரட்டியது. இரண்டாம் பாகம் திரையிட்ட நாளுக்கு மறுநாள்தான் விசாரணை.

கூடாரமும் சாமிநாதனுடையதுதான்.

"யோவ் ஹயாத் பாஷா, படத்துல கிழவன், அந்தப் பண்ணைக்காரன் முன்னாடி தொப்பிய கழட்டிக் குனியறான்ல? அங்க 'தப்பு பண்ணிட்டேன் முதலாளி, மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லு. அருணகிரி பந்தோபஸ்துக்கு வந்து நிக்கிறான். ஊரே சிரிக்கணும்" என்றார் சாமிநாதன்.

தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

காட்சி வந்தது. கிழவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். கூட்டம் அருணகிரியைத் திரும்பிப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"அப்பப்பா, வெயில் ஜாஸ்தி! தலைய தொடச்சிக்கினு ஏட்டய்யா சொல்றாரு: டேய் பண்ணக்காரா, கிழவன்னு நெனச்சியா? விலங்கு போட்ட கை இன்னும் நடுங்கலடா! உன் ஆளு ஜெயிலுக்குத்தான் போவான்!"

விசிலில் கூடாரமே கிழிந்துவிடும் போலிருந்தது.

"நிறுத்துடா படத்த! வெளக்க அணை!" சாமிநாதன் கத்தினார்.

திரை இருண்டது. என் வேலை போனது எனக்குத் தெரியும். போகட்டும்.

"படம் போனா இன்னா? கதை என் வாயிலதான இருக்கு! ஏட்டய்யா குதிரை ஏறிட்டாரு..."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் அருணகிரியின் குரல் கேட்டது.

"பாய், ஏட்டய்யா காலைல வேலூர் கோர்ட்டுக்குப் போறாரு. பார்த்தத பார்த்தேன்னு சொல்லப் போறாரு. அதையும் சேர்த்துச் சொல்லு."

சாமிநாதன் காதில் விழும்படி சொன்னேன்.