எழுப்புதல் அண்ணன் சொன்ன சாட்சி

சபையில் எல்லோருக்கும் அவர் எழுப்புதல் அண்ணன். இருபத்திரண்டு வயதில் ஒரு வாலிபர் கூட்டத்தில் முழங்காலில் விழுந்து அழுது எழுந்தவர், அதன் பிறகு எந்த ஜெபத்தையும் "எழுப்புதல் தாரும் ஆண்டவரே, தூங்குகிற சபையை எழுப்பும்" என்று கத்தாமல் முடித்ததில்லை. கேலியாக ஆரம்பித்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. சபையின் மூப்பர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் அவர் பொறுப்பு. அவர் வாயைத் திறந்தால் பின்வரிசையில் தூங்கி விழுகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம். கூட வேலை செய்தவனைக் குறடு என்பார்கள். ஒரு வாக்குவாதத்தைப் பிடித்தால் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். நாற்பது வயது, கடவுளோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாதவன். "அண்ணே, எனக்கும் சேத்து நீங்களே கும்பிட்டுக்குங்க" என்பான்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் குழியில் தண்ணீர் கசிகிறது என்று புகார். குறடு உச்சியில் மோட்டார் அறையில் இருந்தான். அவர் கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து, யாரும் தவறி விழக் கூடாது என்று அதை உள்ளிருந்து சாத்திவிட்டு, இரும்பு ஏணியில் குழிக்குள் இறங்கினார். ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். இறங்குகிறவன் முதல் வேலையாக அதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் லிஃப்ட் அசையாது. ஆயிரம் தடவை அழுத்திய ஸ்விட்ச். அழுத்திவிட்டதாகவே நினைத்தார்.

டார்ச்சைச் சுவரில் அடித்து ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் காற்று மாறியது. நிமிர்ந்து பார்த்தார். லிஃப்டின் அடிவயிறு, கறுப்பாக, அகலமாக, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏணிக்கு ஓட நேரமில்லை. ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தார். வாக்கி-டாக்கி இடுப்புக்கும் குழித் தரையில் நின்ற தாங்கு ஸ்பிரிங்குக்கும் நடுவில் சிக்கி அமுங்கியது. லிஃப்ட் வந்து நின்றது. அவர் மூக்குக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சாண். பழைய கட்டடம்; குழியின் ஆழம் குறைவு. அவர் கத்திய சத்தம் வாக்கி-டாக்கி வழியாக மேலே போயிருக்க வேண்டும், உடனே குறடு மெயின் மின்சாரத்தை வெட்டினான். விளக்குகள் அணைந்தன. இனி மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் லிஃப்டை மேலே தூக்க வேண்டும்.

அதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று.

முதல் நிமிடம் மூச்சைத் தேடுவதிலேயே போனது. பிறகு ஜெபம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தார். "சேனைகளின் கர்த்தாவே, மகிமையின் ராஜாவே, இறங்கி வாரும்" என்று ஆரம்பித்தது. எங்கே குரலை ஏற்ற வேண்டுமோ அங்கே ஏறியது, எங்கே தழுதழுக்க வேண்டுமோ அங்கே தழுதழுத்தது. வெள்ளிக்கிழமை ஜெபம் அப்படியே, அட்சரம் பிசகாமல்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். யாரோ ஒருவன் யாருக்கோ பேசிக் காட்டுவதுபோல் இருந்தது. இதை நாம் யாரிடம் சொல்கிறோம் என்று மனம் ஒரு கணம் துழாவிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. மேலே தொங்கிய இரும்பைவிட அதுதான் அவரை நடுங்க வைத்தது. பேச்சை நிறுத்த நினைத்தார். நிறுத்தினால் வேறு எதுவும் இல்லையே என்ற பயத்தில் வாய் தானாக ஓடிக்கொண்டே இருந்தது.

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக மேலே போனது. ஏணியில் ஏறி வெளியே வந்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பதினான்கு மாடியும் படியில் ஓடி இறங்கி வந்த குறடு, அவரைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"அண்ணே, எல்லாத்தையும் கேட்டேண்ணே. வாக்கி-டாக்கி பட்டன் அமுங்கியே இருந்துச்சு. சாகப்போற நேரத்துல ஒரு மனுஷன் அப்படி ஜெபம் பண்ணுவானா! நான் கையால வீல சுத்திக்கிட்டே கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு."

அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஈரச் சட்டையைப் பிழிய ஆரம்பித்தார்.

மறுநாள் காலை எல்லோரும் எழும் முன் முழங்காலில் நின்று பார்த்தார். அதே குரல், அதே ராகம். சட்டென்று எழுந்துவிட்டார், அறைக்குள் யாரோ இருப்பதுபோல அல்ல, யாருமே இல்லாததுபோல. குளித்தபோதும், பேருந்தில் நின்றபோதும் ஒரே கணக்கு மண்டைக்குள் ஓடியது: கடைசியாக நான் தனியாக ஜெபம் செய்தது எப்போது? வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. ஞாயிறுகள் ஞாபகம் வந்தன. வீடு வீடாகப் போய்த் தலையில் கைவைத்து ஜெபித்தது வந்தது. பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல் செய்த ஒன்றைத் தேடித் தேடி, மகனுக்கு விஷக்காய்ச்சல் வந்த வருடத்தில் போய் நின்றார். அந்த மகனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

குறடு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னதில், அன்றைக்குள் செய்தி சபை முழுக்கப் பரவிவிட்டது. போதகர் ஃபோன் செய்தார். "பிரதர், ஞாயித்துக்கிழமை நீங்க சபை முன்னாடி சாட்சி சொல்றீங்க, ஆண்டவர் உங்கள எப்படிக் காப்பாத்துனாருன்னு. பெரிய சாட்சி. இளம் பிள்ளைங்க கேக்கணும்."

"பாஸ்டர், கொஞ்சம் உடம்பு..."

"ஆண்டவர் பாத்துக்குவார் பிரதர்."

வியாழக்கிழமை வேலைக்கு நடுவில் குறடு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நானும் வரலாமா? சர்ச்சுக்கு எப்படி வரணும்னு எனக்குத் தெரியாது. சட்டைய உள்ள விடணுமா?"

இத்தனை வருடம் கூப்பிட்டும் வராதவன். "விட்டுக்கோ" என்றார் அவர். உண்மையைச் சொன்னால் இவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். சொல்லாவிட்டால் ஆண்டவருடைய பீடத்தருகே நின்று ஆண்டவரைப் பற்றியே பொய் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லவும் தன்னால் முடியும், தடங்கலே இல்லாமல் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை, கண் ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் வேலை முடித்து வந்த மனைவி, துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். எழுப்புதல் அண்ணன் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் அந்தக் குழிக்குள்ள ஜெபம் பண்ணல. வாய்தான் பண்ணுச்சு. நான் சும்மா கேட்டுட்டுக் கெடந்தேன். எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. ஆண்டவர் என்னை விட்டுட்டாரா, இல்ல நான் அவரை எங்கயாவது வழியில எறக்கி விட்டுட்டேனா, தெரியல."

மனைவி போர்வையின் நுனியோடு நுனி சேர்த்தார். "எனக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"வீட்ல நீங்க ஜெபம் பண்ணி ரொம்ப வருஷமாச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி முணுமுணுக்குறத கணக்குல எடுக்கலன்னா."

"ஏன் சொல்லல?"

"எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. ஊருக்கே எழுப்புதல் கேக்குற மனுஷன்கிட்ட போய், நீங்க தூங்குறீங்கன்னு எப்படிச் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"உனக்கு? உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு மட்டும் வானம் தெறந்தா கெடக்கு? எங்கம்மா போனப்ப ரெண்டு வருஷம் ஒண்ணுமே வரல. போய் உக்காருவேன். வந்திருக்கேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல பேச எதுவும் இருக்காது. எழுந்து டீ போடப் போயிருவேன். மறுநாளும் போவேன்."

"அது போதுமா?"

"போதுமான்னு யாருக்குத் தெரியும்? விட்டுட்டா அப்புறம் போகவே மாட்டேனோன்னு பயமா இருந்துச்சு. அதனால போனேன்." அடுத்த போர்வையை எடுத்தார். "இழுத்துப் பிடிங்க. சுருக்கம் விழுது."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. குறடு மூன்றாவது வரிசையில், சட்டையை உள்ளே விட்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல விறைத்து உட்கார்ந்திருந்தான். போதகர் மைக்கைக் கொடுத்தார். எழுப்புதல் அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். வழக்கமான முதல் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்கினார்.

"குழிக்குள்ள நான் ஜெபிச்சதா எல்லாரும் சொல்றீங்க," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "நான் ஜெபிக்கல. இங்க உங்க முன்னாடி பேசுறதத்தான் அங்கயும் பேசுனேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நான் ஆண்டவர்கிட்ட பேசியே ரொம்ப வருஷம் ஆச்சுன்னு."

"ஸ்தோத்திரம்!" என்றார் முன்வரிசை அம்மா ஒருவர், பழக்கதோஷத்தில். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னை உயிரோட வெச்சது ஆண்டவர்தான். ஆனா அது என் விசுவாசத்தப் பாத்து இல்ல. எனக்கு அப்ப விசுவாசமே இல்ல. பயம்தான் இருந்துச்சு. இப்பவும் பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

இறங்கி வந்து உட்கார்ந்தார். போதகர் தொண்டையைச் செருமி ஒரு பாட்டை அறிவித்தார். முதல் சரணம் முடிவதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. குறடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

அந்த வாரமே, "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க பிரதர்" என்று வெள்ளிக்கிழமை ஜெபத்தை இன்னொரு மூப்பரிடம் கொடுத்துவிட்டார்கள். சிலர் வழியில் பார்த்தால் கையைப் பிடித்து அழுத்தினார்கள். சிலர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். அதெல்லாம் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. குறடு சொன்னதுதான் வலித்தது.

"நான் எதுக்கு வந்தேன் தெரியுமாண்ணே? உலகத்துல ஒரே ஒரு ஆளாவது நெசமா நம்புறான்னு பாக்க வந்தேன்."

அதன்பின் அவன் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. ஸ்பானர் குடுங்க. பிடிங்க. விடுங்க. இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதமும் காலை ஐந்தரைக்கு அவர் சமையலறை முக்காலியில் போய் உட்கார்ந்தார். "வந்திருக்கேன்" என்று சொல்வார். பதில் இருக்காது. குழாய் சொட்டும். பழைய குரல் தொண்டையில் ஏறப் பார்க்கும். பல்லைக் கடித்து அடக்குவார். அது போனதும் ஒரு வெறுமை வரும். செத்த பிறகு போய் நிற்கும்போதும் இப்படியே இருந்தால்? என்னைத் தெரியாது என்று ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்தப் பயத்தில் எழுந்து ஓடிவிடத் தோன்றும். முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மனைவி வந்து அடுப்பைப் பற்றவைக்கும் வரை.

ஒரு நாள் மதியம் வேலையிடத்தில் குறடுக்கு ஃபோன் வந்தது. அவனுடைய எட்டு வயது மகளுக்கு வயிற்றுவலி, குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவர்தான் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆபரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அவன் மனைவி அவளுடைய அண்ணியின் மடியில் சாய்ந்து கிடந்தாள். கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது.

குறடு அவர் சட்டைக் கையைப் பிடித்தான். "அண்ணே, ஜெபம் பண்ணுங்க."

"நானா? அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் கேட்டியேப்பா."

"கேட்டேன். எனக்குப் பொய் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே. பண்ணுங்க."

கண்ணை மூடினார். எடுத்துக்கொடுக்க ஒரு வார்த்தை இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. அவன் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"ஆண்டவரே..." என்றார். "பயமா இருக்கு. இவனுக்கும் பயமா இருக்கு, எனக்கும் பயமா இருக்கு. பாப்பா உள்ள இருக்கா. கொஞ்சம் அவ பக்கத்துல போங்க."

வாழ்நாளில் முதல்முறையாக, 'தாரும், வாரும்' என்றில்லாமல், மனைவி தன்னிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் 'நீங்க' என்று பேசியிருந்தார். அதற்கு மேல் வரவில்லை. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டது. ஆனால் பேச்சு நின்ற இடத்தில் வெறுமை இல்லை. யாரோ கவனமாகக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனதுபோல் இருந்தது. பயம் குறையவில்லை. அதோடு கூட ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் அழுதபோது தெரிந்த அதே ஆள்.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். சீழைச் சுத்தம் செய்துவிட்டதாகவும், மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றும் சொன்னார். மூன்று நாளும் இருவரும் வேலை முடிந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள், எலும்பும் தோலுமாக, ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்துக்கொண்டு.

குறடு சபையில் சேரவில்லை. எப்போதாவது மதியச் சாப்பாட்டுக்கு நடுவில், "இன்னைக்குக் காலையில உக்காந்தீங்களா? ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பான். "இல்லப்பா, இன்னைக்குக் காய்ஞ்சுதான் இருந்துச்சு" என்பார் அவர். அவன் தலையாட்டிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் வைப்பான்.

வெள்ளிக்கிழமை ஜெபம் அவர் கைக்குத் திரும்ப வரவில்லை, அவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது நான்கு வருடம் ஆகிறது. வாரக்கணக்கில் ஒன்றும் வராத காலம் இன்னும் வரும், வந்தால் இன்னும் நடுங்குவார். போன மழைக்காலத்தில் கடுங்காய்ச்சலில் ஐந்து நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. ஆறாம் நாள் ஐந்தரைக்கு, நிற்கக்கூடத் தெம்பில்லாமல், "இன்னும் ஒரு நாள் படுத்தா ஒண்ணும் குடி முழுகிடாதுங்க" என்று முணுமுணுத்த மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சமையலறை முக்காலிக்கு நடந்தார்.